கை வைத்தவன்

"அளக்கும்போது அளவு சரியா இருக்குதுங்க அம்மணி. அனுப்பி வெச்சா தப்பாப் போகுது. நடுவுல எவனோ கை வெக்கிறான். அது எவன்னு எனக்குத் தெரியணும்."

மயில்சாமி வாசலில் செருப்பைக் கழற்றிய கையோடு கேட்டுவிட்டார். ஒரு கும்பிடுகூடப் போடவில்லை.

சௌடாம்பிகை அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கக்கத்தில் இடுக்கியிருந்த அட்டைப்பெட்டியைப் பார்த்தாள்.

"பெட்டிய வெச்சிட்டு உக்காருங்கண்ணா. ரெண்டும் ஆறட்டும்."

கோயம்புத்தூர் கணபதியில், மோட்டார் பட்டறைகளுக்குப் பின்னால் ஒரு பழைய பஞ்சுக் கிட்டங்கி. அதைத் தடுத்து, கதவுக்குள் கதவு போட்டு, அவள் அளவுக்கூடம் வைத்திருந்தாள். உள்ளே சித்திரையும் கிடையாது, மார்கழியும் கிடையாது. என்றைக்கும் ஒரே குளிர். நடுவில் கருங்கல் மேஜை ஒன்று, முகம் தெரியும் வழுவழுப்போடு கிடக்கும்.

எந்த மருந்துக்கும் கேட்காத நோயோடு வைத்தியரைத் தேடிப் போவதுபோல, தீராத அளவுத் தகராறோடு பட்டறைக்காரர்கள் அவளிடம் வருவார்கள். அவர்கள் அவளை டீச்சர் என்பார்கள். மயில்சாமியைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவள். அவர் தரம் பார்க்கிற வேலைக்கு வந்த புதிதில் அவளிடம்தான் வந்து உட்கார்ந்து படித்தார். இன்றைக்கு ஒரு பட்டறையின் தரப் பிரிவு முழுவதும் அவர் சொல்படி நடக்கிறது. ஆனாலும் இந்த அறைக்குள் வந்தால் அவர் மாணவர்தான்.

கேட்ட கேள்விக்கு அவள் நேராகப் பதில் சொன்னதாக யாரும் சொன்னதில்லை.

மயில்சாமி உட்கார்ந்தார். முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது.

பெட்டி ஆறியதும் அவள் கையுறை போட்டுக்கொண்டு அதைத் திறந்தாள். உள்ளே வரிசையாக அலுமினிய ஸ்பூல்கள். கட்டைவிரல் பருமன் உருளைகள். இடையில் வாய்க்கால் வெட்டினதுபோல வளையங்கள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஓர் எண்.

"இது எங்க போகுது?" என்று கேட்டாள்.

ஆஸ்பத்திரிக்கு என்றார் அவர். மூச்சுவிட முடியாதவர்களுக்கு மூச்சு கொடுக்கிற இயந்திரம் இருக்கிறதே, அதன் வால்வுக்குள் இந்த ஸ்பூல் முன்னும் பின்னும் ஓடும். முன்னே போனால் காற்று உள்ளே. பின்னே வந்தால் காற்று வெளியே. ஒரு மயிரிழை பருத்தால் சிக்கிக்கொள்ளும். ஒரு மயிரிழை இளைத்தால் காற்று கசியும். மயிரிழை என்று சொல்வதுகூட அதிகம். தலைமயிரைப் பத்தாகப் பிளந்தால் அதில் ஒரு கீற்றுதான் அவர்களுக்கு அனுமதி.

ஓசூரில் அந்த இயந்திரத்தைச் செய்கிற கம்பெனி பெட்டிகளைத் திருப்பி அனுப்ப ஆரம்பித்திருந்தது. ஸ்பூல் இளைத்திருக்கிறதாம்.

சௌடாம்பிகை ஒரு ஸ்பூலை எடுத்துத் தாங்கியில் பொருத்தியிருந்த மைக்ரோமீட்டரில் வைத்தாள். எண்ணை அவருக்குக் காட்டினாள்.

இளைத்துத்தான் இருந்தது.

"பார்த்தீங்களா!" என்றார் மயில்சாமி, தன் கட்சிக்குச் சாட்சி கிடைத்ததுபோல.

அவள் அந்த ஸ்பூலை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இதை வெச்சுக்கங்க. கதையச் சொல்லுங்க."

அவர் விரல்களை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார்.

உலோகம் கடைகிற பழைய லேத்தில் ஆள் கைப்பிடியைச் சுற்றிக் கத்தியை நகர்த்துவான். அவன் கை நடுங்கினால் அளவும் நடுங்கும். கம்ப்யூட்டர் ஓட்டுகிற சி.என்.சி. லேத்தில் அந்தப் பேச்சே இல்லை. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அலுமினியக் கம்பி, அசையாமல் நிற்பதுபோலத் தோன்றும் வேகத்தில் சுழலும். கத்தி தானே வரும், சீவும், தானே விலகும். எங்கே வரவேண்டும், எவ்வளவு ஆழம் போகவேண்டும், எப்போது திரும்பவேண்டும் என்பதெல்லாம் புரோகிராமில் எண்களாக எழுதியிருக்கும். முதல் உருப்படியும் கடைசி உருப்படியும் ஒரே வயிற்றில் பிறந்ததுபோல வரும்.

மனிதன் உள்ளே நுழைய ஒரே ஒரு ஓட்டைதான் உண்டு. வெட்ட வெட்ட அந்தக் கத்தியின் முனை தேயும். தேய்ந்தால் உருப்படி துளி பருக்கும். அதற்கு ஈடாக ஆஃப்செட் என்ற இடத்தில் ஒரு சின்ன எண்ணைத் தட்டிக் கத்தியைத் துளி உள்ளே தள்ளவேண்டும்.

"நான் அளந்துட்டு இவ்வளவு குறைன்னு சொல்லுவேன். அவன் தட்டுவான். மறுபடி அளப்பேன். கச்சிதமா இருக்கும். அதுக்கப்புறம் இளைக்குதுன்னா என்ன அர்த்தம்? நான் அந்தப் பக்கம் போனதும் எவனோ ஆஃப்செட்டுல விளையாடறான்."

"எவன்?"

அங்கேதான் சகாயராஜ் கதைக்குள் வந்தான்.

போத்தனூர்க்காரன். அந்த சி.என்.சி.யை ஓட்டியவன். மயில்சாமியோடு ஒரே மேஜையில் சாப்பிடுவான். அவர் டிபன் பாக்ஸில் கை போட்டு எடுக்கிற உரிமை அவன் ஒருத்தனுக்குத்தான் இருந்தது. மனைவிக்குப் பிரசவ நேரம், சில நாள் லீவு கொடுங்கள் என்று கேட்டான். ஆர்டர் தலைமேல் நின்ற சமயம். மயில்சாமி முடியாது என்றார். அவனும் கொஞ்சம் தடித்த வார்த்தை பேசிவிட்டான்.

அடுத்து முதல் பெட்டி திரும்பி வந்தது.

மயில்சாமி கூட்டிப் பார்த்தார். கணக்கு அவன்மேல்தான் போய் நின்றது. பட்டறையில் அத்தனை பேர் நிற்கும்போது, தின்ற சோற்றுக்குத் துரோகம் பண்ணிவிட்டாய் என்றார். பிறந்த குழந்தைமேல் சத்தியம் பண்ணினான் சகாயராஜ். குழந்தையை இதற்கெல்லாம் இழுக்காதே என்றார் இவர். முதலாளி இவர் வார்த்தையைத்தான் எடுத்தார். அவனை அன்றைக்கே அனுப்பியாயிற்று.

"அவன் போன பிறகு?" என்று கேட்டாள் சௌடாம்பிகை.

மயில்சாமியின் கை இன்னும் இறுகியது.

"அதுதான் அம்மணி என்னைத் தூங்க விடல. அவன் போன பிறகும் ஒரு பெட்டி திரும்பி வந்துருச்சு. புது ஆளைப் போட்டேன். கத்திமுனைய மாத்தினேன். புரோகிராம வரி வரியா நின்னு பார்த்தேன். அப்பவும் இளைக்குதுன்னா, அவனோட ஆள் எவனோ இன்னும் உள்ள இருக்கான்."

"அந்த ஆளக் காட்டினா என்ன பண்ணுவீங்க?"

"சகாயராஜுக்குப் பண்ணினதத்தான்."

"யாரா இருந்தாலும்?"

"யாரா இருந்தாலும்."

அவள் மைக்ரோமீட்டரை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"கையில இருக்கறத அளங்க."

அவர் கையை விரித்தார். ஸ்பூல் வியர்வையில் பளபளத்தது. துணியால் துடைத்து, மைக்ரோமீட்டரில் வைத்து, பழகின கையால் மெல்லத் திருகினார்.

எண் வந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். மறுபடி திருகினார்.

அளவு சரியாக இருந்தது. கச்சிதமாக, அனுமதித்த அளவுக்கு நட்ட நடுவில், ஓசூர்க்காரர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருந்தது.

"மாத்திட்டீங்களா அம்மணி?"

"உங்க கைய விட்டு அது எங்க போச்சுண்ணா?"

அவர் ஸ்பூலின் நெற்றியைப் பார்த்தார். அதே எண்.

சௌடாம்பிகை இடுக்கியால் அதை எடுத்துக் கருங்கல்லின்மேல் வைத்தாள். பிறகு சும்மா இருந்தாள். அவரும் இருந்தார். குளிர்சாதனத்தின் இரைச்சலைத் தவிர அறையில் ஒரு சத்தமும் இல்லை. யாரும் அதைத் தொடவில்லை. யாரும் அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை.

வெகுநேரம் கழித்து அவள் தலையசைத்தாள். அவர் இடுக்கியால் எடுத்தார். அளந்தார்.

இளைத்திருந்தது.

மயில்சாமி இடுக்கியைக் கீழே வைத்தார். தன் வலது உள்ளங்கையைத் திருப்பி, அது யாருடைய கை என்று தெரியாதவர்போல் பார்த்தார்.

"ஆள் கிடைச்சானாண்ணா?" என்றாள் அவள்.

அவர் அந்தக் கையை மூடிக்கொண்டார்.

"இது எனக்குத் தெரியும் அம்மணி. சூட்டுல உலோகம் பருக்கும், ஆற வெச்சுத்தான் அளக்கணும். உங்ககிட்டப் படிச்ச முதல் பாடம். நானே எத்தனையோ பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன்."

"தெரியும்" என்றாள்.

அது அவருக்குத் தெரியும் என்பதா, தனக்குத் தெரியும் என்பதா, அவர் கேட்கவில்லை.

கேட்காமலே எல்லாம் ஒவ்வொன்றாக வந்து எதிரே நின்றன. இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஓர் அடுக்குத்தட்டு இருந்தது. வெட்டி எடுத்த உருப்படிகளை அதில் ஆற வைப்பார்கள். ஆர்டர் அவசரம் என்றதும், அது இடத்தை அடைக்கிறது, நேரத்தைத் தின்கிறது என்று தூக்கிப் போடச் சொன்னவர் அவர். இயந்திரத்தின் வாயிலிருந்து எடுத்த மாத்திரத்தில், தகரக் கூரைக்குக் கீழே, அந்தக் கோடையில், உள்ளங்கையில் பொத்திக்கொண்டு அளந்தவர் அவர். சூட்டில் பருத்த உருப்படியைப் பார்த்து, அளவு கூட இருக்கிறது, குறை, இன்னும் குறை என்று சொன்னவரும் அவர்தான்.

சகாயராஜ் ஆஃப்செட்டைத் தட்டியது உண்மை. இவர் சொன்னதைத் தட்டினான்.

"நான்தான்" என்றார் மயில்சாமி. "அம்மணி, அது நான்தான்."



அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். சகாயராஜின் எண்ணைத் தேடி அழுத்தினார். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கமாட்டான் என்று நினைத்த சமயத்தில் எடுத்தான்.

"சொல்லுங்க."

முன்பெல்லாம் "சொல்லுங்கண்ணா" என்பான்.

மயில்சாமி சொன்னார். முன்னுக்குப் பின்னாகத்தான் வந்தது. சூடு என்றார், அடுக்குத்தட்டு என்றார், நான் குருடாகப் போய்விட்டேன் என்றார். உன்மேல் ஒரு குற்றமும் இல்லை என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தப் பக்கத்தில் ஒரு குழந்தை சிணுங்கும் சத்தம் கேட்டது. அவன் அதைத் தட்டிக்கொடுக்கிற சத்தமும் கேட்டது.

"பட்டறையில எல்லாருக்கும் முன்னாடி சொன்னீங்க" என்றான் சகாயராஜ்.

"ஆமா."

"அங்கேயே வந்து சொல்லுங்க."

"சொல்றேன் சகாயம். நாளைக்கே நீ வா. எல்லாரையும் நிக்க வெச்சுச் சொல்றேன்."

வருகிறேன் என்றும் சொல்லாமல், மாட்டேன் என்றும் சொல்லாமல் அவன் போனை வைத்தான்.

மயில்சாமி முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பழுத்த கட்டி உடைந்ததுபோல் இருந்தது அவருக்கு. வலி இருந்தது, ஆனால் விண்விண்ணென்று தெறித்தது நின்றுவிட்டது. நாளைக்கு அவமானப்பட வேண்டியிருக்கும். பட்டுவிடலாம். அடுக்குத்தட்டைத் திரும்பவும் போட்டுவிடலாம். சகாயராஜ் திரும்பி வந்தாலும் வருவான்.

உங்கள் புண்ணியத்தில் இன்றைக்குத் தூங்குவேன் என்று அவளிடம் சொன்னார். பெட்டியை மூடிக் கக்கத்தில் இடுக்கினார். மறக்காமல் இந்தமுறை கும்பிட்டார். வாசலுக்குப் போய் ஒரு காலைச் செருப்பில் நுழைத்தார்.

"அண்ணா."

திரும்பினார்.

"திரும்பி வந்த பெட்டியப் பத்திக் கேட்டீங்க."

"ஆமாங்க அம்மணி."

"திரும்பி வராத பெட்டியெல்லாம் எங்க?"

அவருக்குக் கேள்வி பிடிபடவில்லை. சிரிக்கக்கூடச் செய்தார். அதெல்லாம் நல்ல பெட்டி, ஓசூர்க்காரர்கள் பார்த்து ஒத்துக்கொண்டார்கள், ஒரு புகாரும் இல்லை என்றார்.

"எப்படிப் பார்ப்பாங்க?"

"பெட்டிக்கு ஒண்ணு ரெண்டு எடுத்து..."

வாக்கியம் அங்கேயே நின்றது.

பெட்டிக்கு ஒன்றிரண்டு எடுத்து அளப்பார்கள். சூடு குறைந்த விடியலில் வெட்டியது கையில் அகப்பட்டால் சரியாக இருக்கும். உச்சிவெயிலில் வெட்டியது அகப்பட்டால் பெட்டி திரும்பி வரும். அகப்படாதது உள்ளே போகும். ஒரே பெட்டியில் விடியலும் உண்டு, உச்சிவெயிலும் உண்டு. அடுக்குத்தட்டைத் தூக்கிப் போட்ட பிறகு எத்தனை பெட்டிகள் போயின! ஒவ்வொன்றிலும் அவர் அளந்தது. ஒவ்வொன்றையும் நல்லது என்று அவர் விட்டது.

திரும்பி வந்த பெட்டிகள் பிடிபட்டவை. அவ்வளவுதான்.

மற்றவற்றை இயந்திரங்களில் பூட்டியாகிவிட்டது. எங்கெங்கோ, எந்தெந்த ஊரிலோ, யாருடைய கட்டில் பக்கத்திலோ இந்த நேரத்தில் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. முன்னே போனால் காற்று உள்ளே. பின்னே வந்தால் காற்று வெளியே. நடுவில் ஒரு கீற்று கசிகிறது.

கக்கத்திலிருந்த பெட்டி நழுவி விழுந்தது. ஸ்பூல்கள் தரையெல்லாம் உருண்டன. அவர் குனியவில்லை. ஒரு காலில் செருப்பும் ஒரு கால் வெறுமையுமாக நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவர் வாயைத் திறந்து மூச்சு இழுத்தார். இழுத்த மூச்சு போதவில்லை. இன்னொன்று இழுத்தார்.

சௌடாம்பிகை அவர் எதிரே வந்து தரையில் உட்கார்ந்தாள். அவள் முகத்தில் வெற்றி இல்லை. அவளும் வெளிறிப் போயிருந்தாள்.

மயில்சாமி போனைப் பார்த்தார். முதலாளியின் முகம் வந்து நின்றது. இது வெளியே போனால் ஆர்டர் போகும், பெயர் போகும், பட்டறையே போனாலும் போகும். இருபது குடும்பம் அங்கே சாப்பிடுகிறது. இவர் தலை முதலில் உருளும்.

"முதலாளிகிட்ட முதல்ல ஒரு வார்த்தை சொல்லிட்டு..." என்று இழுத்தார். "அவரு என்ன சொல்றாரோ..."

"முதலாளி மூச்சு விட்டுட்டுத்தான இருக்காரு?" என்றாள் அவள்.

அவர் ஓசூருக்கு அழைத்தார்.

அங்கே தரப் பிரிவில் ஒரு பெண் எடுத்தாள். அவரை நன்றாகத் தெரிந்தவள். நல்லா இருக்கீங்களா சார் என்று கேட்டாள். திரும்ப அனுப்பிய பெட்டிகளுக்குப் பதில் எப்போது வரும் என்று கேட்டாள். மற்றதெல்லாம் அருமையாக வந்திருக்கிறது, பூட்டி அனுப்பியாகிவிட்டது என்று அவளாகவே சொன்னாள்.

"அனுப்பினத நிறுத்துங்கம்மா" என்றார் மயில்சாமி. "எந்தெந்த ஆஸ்பத்திரின்னு பார்த்து, அவங்களுக்கு உடனே சொல்லுங்க. எங்க ஸ்பூல் இருக்கற மெஷின யாருக்கும் மாட்ட வேண்டாம். மாட்டியிருந்தா வேற மாத்தச் சொல்லுங்க. அளவு தப்பு. நான்தான் தப்பா அளந்தேன்."

அந்தப் பக்கம் நாற்காலி பின்னுக்குத் தள்ளப்படும் சத்தம் கேட்டது. அவள் யாரையோ கூப்பிட்டாள். திரும்பி வந்தபோது அவள் குரல் வேறாக இருந்தது.

"எந்தப் பெட்டி சார்?"

மயில்சாமி சௌடாம்பிகையைப் பார்த்தார். அவள் தரையில் உருண்டு கிடந்தவற்றைப் பொறுக்க ஆரம்பித்திருந்தாள்.

"சார், லைன்ல இருக்கீங்களா? எந்தப் பெட்டி?"

"எல்லாம்."